அடைவுச் சிட்டை 720721

மின்சாரம் போய் ஒரு மணித்தியாலம்.
மல்லாவிக் கிளையில் கணினிகள் கறுத்துக் கிடக்க
ஏலப் பட்டியலைக் கையால் எழுதுகிறேன்.
ஒரு சோடி தோடு, அரைப் பவுணுக்கும் கொஞ்சம் குறைய.
இரண்டு தவணை கடந்தது.
நல்லதம்பி குணநேசமலர்.
இலக்கம் 720721.

இதற்கு முந்திய சிட்டை, 720720,
அரிசி ஆலைக்காரரின் ஏழு பவுண் சங்கிலி.
அந்த எண்ணைப் படிக்கிற காலத்திலேயே தெரியும் எனக்கு.
எழுநூற்றிருபதை ஆயிரத்தொன்றால் பெருக்க வருவது.
ஏழு பேர் வரட்டும், பதினொரு பேர், பதின்மூன்று பேர்,
பதினாறு வரைக்கும் எத்தனை பேராய் வந்து நின்றாலும்
சில்லறைச் சண்டையில்லாமல் பிரித்துக் கொடுக்கும்.
இருநூற்று நாற்பது காரணிகள்.
எண் என்று சொல்ல ஏலாது, கலியாண வீடு.
சங்கிலியை அவர் மூன்றாம் கிழமையே மீட்டுக்கொண்டு போனார்.

ஒன்றைக் கூட்டினதும்
பந்தல் பிரிந்துவிடுகிறது.
வவுச்சரின் பின்பக்கம் வகுத்துப் பார்க்கிறேன்.
இரண்டால், மீதி ஒன்று.
மூன்றால், மீதி ஒன்று.
நாலு, ஐந்து, ஆறு, பேனைக்கே பழகிவிட்டது,
பதினாறு வரைக்கும் ஒன்று ஒன்று ஒன்று.

அன்று சிட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"இந்த நம்பர் ராசியோ பிள்ளை?"
யூரியாவுக்கான காசை எண்ணிக்கொண்டே சொன்னேன்:
"எதால பிரிச்சாலும் ஒண்டு மிஞ்சும் அம்மா.
முதன்மை எண். உடையாது."
சிரித்தா.
படிவத்தில் குடும்ப அங்கத்தவர் என்ற கட்டத்துக்குள்
அவ எழுதியிருந்ததும் ஒன்று.
அவ போன பிறகுதான் அதைப் பார்த்தேன்.

பதினேழில் மீதி ஆறு. பத்தொன்பதில் பதின்மூன்று.
ஒழுங்கு குலைந்தது, ஆனாலும் பூச்சியம் வரவில்லை.
முப்பத்தொன்றில் இரண்டு.
நாற்பத்துமூன்றில் இரண்டு போதாமல் போனது.
வெளியே துணுக்காய் பஸ் ஹோர்ன் அடித்து, காத்திருந்து, போய்விட்டது.
அறுபத்தேழில் திரும்பவும் இரண்டு.

எழுபத்தொன்று.
பத்தாயிரத்து நூற்றைம்பத்தொரு தரம்.
மீதி இல்லை.

பெருக்கிப் பார்த்தேன். மேசையை மாற்றி
யன்னல் வெளிச்சத்தில் இன்னொருக்கால் பெருக்கினேன்.
பதினாறோடு நிறுத்திவிட்டு
ஒரு மனுசிக்கு உறுதி கொடுத்திருக்கிறேன்.

மழை பிந்தி வந்து கதிரைச் சாய்த்த காலபோகம் இது.
வட்டியைக் கட்டினால் தவணை நீளும்,
நாலாயிரத்துச் சொச்சம்.
பட்டியலில் அவவின் வரிக்கு முன்னால் பேனையை வைத்துவிட்டு
தொலைபேசியை எடுத்தேன்.
ஏலத்தை முதலில் சொல்வதா, காரணியையா?

மறுமுனையில் சூடடிக்கிற மெசின்.
"உரத்துச் சொல்லு பிள்ளை, கேக்கேல்லை!"
"எழுபத்தொண்டு" என்று வாய் முந்திவிட்டது.
"வட்டியோ? அவ்வளவுதானோ?"

அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது.
விசிறி சுற்றத் தொடங்கி
கணக்குப் போட்ட வவுச்சர்கள்
வாசல் வரைக்கும் பறந்தன.