வாக்கர்

ஹடர்ஸ்ஃபீல்டு மருத்துவமனை, பாதநோய்ப் பிரிவு.
"வாக்கர்" என்றாள் செவிலி.
மூன்று பேர் எழுந்தோம்.
நான்காமவர் சக்கர நாற்காலியில்
கையை மட்டும் தூக்கினார்.
சிரிப்பை மறைக்க எல்லோரும்
சுவரொட்டியைப் படித்தோம்.

நடப்பவன் என்று பெயரே தவிர
எங்கள் ஆதிப்பாட்டன் எங்கும் போனதில்லை.
புளித்த மூத்திரத் தொட்டிக்குள் நின்று
நெய்த கம்பளி கெட்டிப்பட
மிதி மிதியென்று மிதித்தான்,
விடிந்ததிலிருந்து இருட்டும்வரை,
ஓரடி நகராமல்.

நடந்ததெல்லாம் பெயர்தான்.
ஆறு தாண்டி, கப்பலேறி,
தொலைபேசிப் புத்தகத்தில்
பக்கம் பக்கமாய்.

"கிளிஃபர்ட் வாக்கரா? உட்காருங்கள்."
முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய கால்.
உள்ளங்காலை நைலான் இழையால் தொட்டு
"ஏதாவது தெரிகிறதா?" என்கிறாள்.

இல்லை.
கொஞ்சம் ஈரம்.