மெதுவான தடம்

டாண்டினாங் நீச்சல் குளத்தில்
தடங்களின் தலைமாட்டில் பலகை வைத்திருக்கிறார்கள்:
வேகம். நடுத்தரம். மெது.
எனக்கு அது பிடிக்கும்.
வேறெந்த இடத்திலும் இப்படி
வெளிப்படையாக எழுதி வைப்பதில்லை.

சனிக்கிழமை, காலை எட்டு மணி.
இரவு வேலை முடிந்து நேரே வருகிறேன்.
ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் இடம்.
மணிக்கு நூற்றுப்பத்து மடிக்கவேண்டும்.
நான் தொண்ணூற்றாறு.
பக்கத்து மேசை ஹோவா நூற்றுமுப்பது.
சுவர்த் திரையில் எல்லாருடைய எண்ணும்
பெயரோடு ஓடிக்கொண்டேயிருக்கும்.

கைபேசியில் இன்னொரு திரை.
தொண்ணூற்றேழில் உயர்தரம் எடுத்த பெட்டைகள்
இருபத்துமூன்று பேர், ஒரே குழுவில்.
பிரபாஜினிக்கு கிளென் வேவர்லியில் குடிபூரல்.
குசினிக் கல்லின் படம் மட்டும் ஏழு.
சுகிர்தாவின் மகனுக்கு மெடிசின் கிடைத்துவிட்டது.
கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுக்
குளியலறைக் குழாயைத் திறந்தபடி நின்றேன்.
அழவில்லை.
கணக்குப் பார்த்தேன்.
அவள் விமானத்தில் வந்தது எந்த வருடம்,
நான் வந்தது எந்த வருடம்,
கழித்தால் எத்தனை வீடு.
எந்த வழியால் செய்தாலும்
விடை ஒன்றுதான் வந்தது:
பிந்திவிட்டாய்.

நீச்சல் வகுப்புப் படிவத்தில் ஒரு கேள்வி:
ஏன் பழக வந்தீர்கள்?
உடல்நலம், எடை, பொழுதுபோக்கு, மற்றவை.
மற்றவைக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் ஒரு கோடு.
பதினெட்டு நாள், அறுபத்துமூன்று பேர்,
ஒரு மீன்பிடிப் படகு
அந்தக் கோட்டில் கொள்ளாது.
சரி மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பதினெட்டு நாளும்
கடலைப் பார்க்காமல்
என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.
அதனால் முதல் மாதம்
முகத்தை நனைக்கவேயில்லை.
சுவரைப் பிடித்தபடி நின்றேன்.
பக்கத்துத் தடத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள்
வாற்பேத்தைகளாய் வழுக்கிப் போனார்கள்.
ஒருத்தி மட்டும் நின்று கேட்டாள்,
ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?
விட்டால் சுவர் விழுந்துவிடும் என்றேன்.
அவள் கொஞ்சம் யோசித்துத்
தலையாட்டிவிட்டுப் போனாள்.

பழக்குகிற மேடிக்கு வயது பத்தொன்பது,
மூக்கில் வளையம், குதிக்காலில் பிளாஸ்டர்.
இன்று சொன்னாள்:
தலையைத் திருப்பத்தான் வேண்டும்,
ஆனால் மூச்சுக்கு மட்டும்.
பக்கத்தில் யார் என்று பார்த்தால் தலை தூக்கும்.
தலை தூக்கினால் கால் தாழும்.
தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள்.
வேறொன்றும் நினைத்திருக்கமாட்டாள்;
அப்போதே அடுத்த வகுப்புக்கு
மிதவைப் பலகைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

லொக்கருக்குள் கைபேசி அதிர்ந்திருக்கும்.
எட்டாவது படமாயிருக்கும்.
வடிவான கல்தான் அது,
நரம்பு நரம்பாய்ப் பொன்னிறம் ஓடுகிறது.
பின்னேரம் அப்படியே எழுதி அனுப்பவேண்டும்,
பொம்மை போடாமல்.

சுவரை விட்டேன்.
ஒரு கை, மற்றக் கை.
மூன்றாவதுக்குத் தலையைத் திருப்பினேன்.
பக்கத்துத் தடத்தில் நுரை.
நுரைக்குள் யார் என்று தெரியவில்லை.
காற்று இருந்தது, எடுத்தேன்.
மறுபடி கீழே, நீல ஓடுகளின் மேல்
கறுப்புக் கோடு ஒன்று.
அதன் மேலே போகிற நிழல்
என்னுடையதென்று தெரிய
இரண்டு வீச்சுப் பிடித்தது.

பதினாலாவது மீட்டரில்
வாய்க்குள் தண்ணீர் போனது.
உப்பில்லை.

இருமிக்கொண்டே எழும்பி நின்றேன்.
நெஞ்சளவுதான்.
திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.
விழவில்லை.

இன்னும் பதினொரு மீட்டர்.