மறுபடி பார்த்தது

பட்டியலில் அவன் பெயரை எழுதியது நான்தான்.
தாமதம். கவனமில்லை. சொன்னால் பதில் இல்லை.
ஆசாரிப்பள்ளம், ஆண்கள் வார்டு,
ஆனிச் சாரல் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.
முதலாண்டு பி.ஜி., அஜின் ததேயு.
ரவுண்ட்ஸுக்குக் கடைசியில் வருபவன்,
நனைந்த காலரோடு.

துறைத்தலைவர் தந்த தாளில் ஐந்து கட்டங்கள்:
அறிவு, கைத்திறன், நேரம், நடத்தை, வருகை.
சீனியர் என்ற முறையில்
மூன்றில் பெருக்கல் போட்டேன்,
சாயா ஆறுவதற்குள்.

சிஸ்டர் மேபல் ஒன்றும் பேசவில்லை.
பதினேழாம் படுக்கையின் கேஸ் ஷீட்டை
என் முன்னால் விரித்து வைத்துவிட்டு
சலைன் மாற்றப் போய்விட்டாள்.

1.50. பார்த்தேன். பொட்டாசியம் 4.1.
2.10. மறுபடி பார்த்தேன். மூச்சு சீர்.
2.40. மறுபடி பார்த்தேன்.
3.05. மறுபடி
3.20.
3.30.
கையெழுத்து வரிக்கு வரி சிறுத்து
கடைசியில் எறும்பு போன தடம்.

பதினேழில் இருந்தவர் முட்டத்துக்காரர்.
"ராத்திரி முழுக்க மூக்குல வெரல் வச்சுப் பாத்துட்டே நின்னாரு,
செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு டாக்டரே"
என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பாதியில் நின்றுவிட்டது.

மே மாதம், அதே பதினேழு.
வேறொருவர்.
லேப் தாள் வந்து மேசையில் நாற்பது நிமிடம் கிடந்தது,
அதன்மேல் யாரோ வைத்த ரசவடைப் பொட்டலம்.
டூட்டியில் இரண்டு பேர்.
ஒருவன் அவன்.
இன்னொருத்தி மறுநாள் வீட்டுக்குப் போய்ப்
பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாள்.
அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவளும்.

"ஏதும் பிரச்சினையா அஜின்?"
"ஒண்ணும் இல்லக்கா."
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரும்
முதலில் சொல்வது அதைத்தான்.
அதை நம்பி ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

"பதினேழைத் தாண்டும்போது
எனக்கும் கால் பின்னும்" என்றேன்.
சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.
துணி அறையில், பச்சைத் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தான்.
"வெப்ராளமா இருக்குக்கா" என்றான்.
எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நோய்.
எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மனநல ஓ.பி. கீழ்த்தளத்திலேயே இருக்கிறது,
நாற்பது படி.
சீட்டு எழுதுகிற பையன் அவனுக்கு வணக்கம் வைப்பவன்.
ஆகவே வியாழக்கிழமை பாசஞ்சரில் போனோம்:
இரணியல், பள்ளியாடி, குழித்துறை.
பாறசாலை தாண்டியபிறகுதான்
ஜன்னலில் தலையைச் சாய்த்தான்.
ஒரு மருத்துவன் நோயாளியாவதற்கு
ஒரு மாநிலம் கடக்க வேண்டியிருந்தது.

தாளைத் திரும்ப வாங்கினேன்.
பெருக்கல் குறிகளை அழிக்க முடியவில்லை, பேனா.
ஓரத்தில் எழுதினேன்:
'இவருக்குக் கவனம் குறையவில்லை. முற்றிப்போயிருக்கிறது.
ஆறு வாரம் இரவு டூட்டி வேண்டாம்.
மே பன்னிரண்டில் நானும் இருந்தேன்.'
"கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாதும்மா"
என்றார் துறைத்தலைவர்.
கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார்.
நான்கு வாரம் தந்தார்.

ஐப்பசி.
இப்போதும் தாமதமாகத்தான் வருகிறான்.
மாத்திரை வாயை உலர்த்துகிறதாம்,
பையில் எப்போதும் ஒரு நாரங்கா மிட்டாய்.
சில இரவுகளில் பழையபடி எறும்புகள் ஊர்கின்றன,
அப்போது மேபல் என்னை எழுப்புவாள்.

நேற்று ஷீட்டில்
2.10. பார்த்தேன்.
அப்புறம் காலை ஆறு வரை வெள்ளை.
எனக்குத்தான் பயம் வந்துவிட்டது.
மூன்று மணிக்கு டூட்டி அறைக் கதவைத் தள்ளினேன்.
ஷூவைக்கூடக் கழற்றாமல்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
நெஞ்சு ஏறி இறங்குவதை
ஒரு நிமிடம் எண்ணினேன்.
பதினான்கு.

எங்கும் குறிக்கவில்லை.