பெங்களூரா

பென்டிரைவ் என்றான்.
காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
எட்டு மணிநேரம் கொட்டை பிரித்துவிட்டு வந்தவளுக்கு
பென்டிரைவ் என்றால் பென்டிரைவ்தான்.

ஆனால் அது மணத்தது.

மூன்று முறை சோப்பு போட்டாலும் போகாத வாசம்
என் நகக்கண்ணில் இருக்கிறது.
பெங்களூராவா செந்தூராவா
கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.
இது இரண்டும் இல்லை.
பால் வடியாத, அழுகாத,
ஈ மொய்க்காத மாம்பழம்.

ஓசூர் பஸ்ஸில் வந்ததாம்.
ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேர்,
ஆளுக்கு இருநூறு.
"புகை இல்லம்மா, வெறும் ஆவி.
இட்லிக் குண்டான்ல வருமே, அந்த மாதிரி."

நம்பியும் இருப்பேன்,
போன சனிக்கிழமை
பள்ளி மைதானத்துப் பக்கம் போகாமல் இருந்திருந்தால்.
கோட்டைத் தாண்டிப் போனான் முனீஷ்.
கபடி கபடி கபடி
ஏழாவதில்
கப என்று நின்றது.
அதற்குப் பிறகு டி வரவே இல்லை.
ஒருத்தனும் தொடவில்லை அவனை.
முழங்காலில் கை ஊன்றி
எதிரணி நடுவில்
எதையோ தொலைத்தவன்போல்
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிடுங்கி அரிசி டப்பாவின் அடியில் புதைத்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு
மூடி திறக்கிறது.
அரிசி சரிகிறது, மெல்ல.
ஒரு சின்ன நீல வெளிச்சம்.
தலையணைக்குள் இருமல்.

எழுந்து இரண்டு அறை விடலாம்.
கை நடுங்கத் தேடுகிற பிள்ளையை
எங்கே அடிப்பது?

போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டு
சொல்லிப் பார்க்கிறேன்
கபடி கபடி கபடி

நாற்பத்திமூன்று வயது எனக்கு.
பத்தொன்பது வருகிறது.