மூன்றாம் தசமம்

எழுபத்தோராயிரத்து முந்நூற்றைம்பது தினார்.
ஈஆர்பி விற்பவன் அனுப்பிய தாளின் கடைசி வரி.
முதல் வரியில் வணக்கம் போட்டிருந்தான்.

சித்ராவில் ஆகஸ்ட்.
சுத்திகரிப்பு ஆலையின் தீ பகலிலும் எரிகிறது.
உள்ளே ஏசி
பெயிண்ட் வாளியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
அறுபதுக்குள் முடி என்று
அபு ராஷித் மேசைமேல் விரலால் கோடு கிழித்தார்.
கோடு கண்ணுக்குத் தெரியவில்லை.
கை வைத்தால் இடறுகிறது.

முப்பத்தெட்டு உரிமம், தலைக்கு அறுநூறு.
யார் தலை, யார் தலையில்லை என்று
இந்தக் கம்பெனியில் பதினோரு வருஷத்தில்
முதன்முறையாக எண்ணுகிறேன்.
வரவேற்பில் மாரிசெல், ஒரு தலை.
கொள்முதல் சுகதன், ஒரு தலை.
கேட்டில் லாரி நம்பர் குறிக்கும் தாப்பாவுக்கு
நோட்டே போதும்.
பெயிண்ட் ஷெட்டும் வெல்டிங் ஷெட்டும்
ஒரே பாஸ்வேர்டில் குடித்தனம் நடத்தட்டும்.
இருபத்தேழு.

பயிற்சி எட்டு நாள், நாலாயிற்று.
எதிர்பாராச் செலவில்
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது வெட்டினேன்.
எதிர்பாராதது இனிக் கொஞ்சம் சிக்கனமாக வரட்டும்.

அறுபதாயிரத்து முந்நூறு.
அந்த முந்நூறு உதைக்கிறது.

'பதினேழாம் வரி என்ன?' என்றார்.
மூன்றாம் தசமம், ஆயிரத்து நானூறு.
மென்பொருள் பிறந்தது புனேயில்,
பைசாவுக்கு இரண்டு இலக்கம் போதுமென்று வளர்ந்தது.
நம் தினார் ஆயிரம் ஃபில்ஸாக உடையும்.
மூன்றாவது இலக்கத்துக்குக் கதவு வைக்கத்
தனிக்கூலி கேட்கிறான் குல்கர்னி.
'ஒரு ஃபில்ஸுக்காகவா? அடி அதை.'

நான் அடிக்கவில்லை.
மொக்லேசூருக்கு ஓவர்டைம்
மணிக்குப் பூஜ்யம் புள்ளி ஏழு இரண்டு ஒன்று.
அந்த ஒன்று போகும்.
அறுபத்தொரு பேர், மாசம் நாற்பது மணி,
ஆக மொத்தம் இரண்டு தினார் நானூற்று நாற்பது ஃபில்ஸ்.
எழுதிக் காட்டினேன்.
அவர் என் கால்குலேட்டரையே வாங்கி வகுத்தார்.
போட்ட காசு திரும்ப நாற்பத்தெட்டு வருஷம்.
'அதுவரை நீ இருப்பாயா, நான் இருப்பேனா?'
கணக்கு சரி.
சரியான கணக்கிடம் சண்டை போட முடியாது,
அது என் பிழைப்பு.

கராக் டீ வந்தது. ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு, சும்மா கேட்பதுபோல,
'வாஷர் ஒன்று நாலு ஃபில்ஸ், இல்லையா?' என்றேன்.
'ஆமாம்.'
'இரண்டு இலக்கத்தில் அது பூஜ்யம்.
ஸ்டோரில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிடக்கிறது.
எண்ணூற்று நாற்பது தினார்
முதல் நாள் காலையிலேயே காணாமல் போகும்.'

கோப்பையைக் கீழே வைத்தார்.
'வாஷர் பூஜ்யமா?'
'வாஷர், ரிவெட், சின்ன ஸ்குரூ.'
'ஹராமி' என்றார், புனே இருக்கும் திசையைப் பார்த்து.
பதினேழாம் வரிக்குப் பக்கத்தில்
பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.

வாஷரின் ஓட்டைக்குள் நுழைந்து
அறுபத்தொரு பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.
அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.
சொன்னால், ஒரு ஃபில்ஸா என்று
அவர்களும் சிரிப்பார்கள்.

முந்நூறு இன்னும் உதைக்கிறதே என்றார்.
பழைய சரக்குப் பட்டியலைக் கழுவித் தர
அவன் கேட்பது ஆறாயிரத்து ஐந்நூறு.
ஒரு பங்கை நானே கழுவுகிறேன்,
முந்நூறு குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன்.
வாய் அப்படித்தான்,
பட்ஜெட்டில் சேராது.

இன்று மூன்றாவது வெள்ளிக்கிழமை.
ஆபீசில் நானும் வாளியும்.
ஒரே வால்வுக்கு ஏழு பெயர்.
கேஸ்கெட்டை யாரோ பிஸ்கட் என்று ஏற்றி
ஒன்பது வருஷம் யாரும் கேட்கவில்லை.
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு வந்திருக்கிறேன்:
வாசர், வாஷ்சர், வாஷெர் எட்டு எம்எம்,
வட்டத் தகடு (ஓட்டை உள்ளது).

நாலையும் ஒன்றாக்கி
விலைக் கட்டத்தில் அடிக்கிறேன்:
0.004