காய்ந்த ஆற்றில் நூறு மீட்டர்

உகாப் ஆற்றில் தண்ணீர் இல்லை.
ஆறு என்பது மரியாதைக்கு வைத்த பெயர்.
மணல்.
மணலில் நேற்றைய என் டயர்த்தடம்,
அதன்மேல்
சோற்றுத்தட்டு அகலத்தில்
விடியுமுன் அவள் வைத்துப்போன அடி.

ஜீப்பில் ஆறு பேர்.
ஒருவரின் கேமராக் குழல் என் முழங்கை நீளம்.
“இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே, எலியாகிம்?”
எஞ்ஜினை அணைக்கிறேன்.
நூறு மீட்டர்.
எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்கிறார்.
என் சட்டத்தில், ஐயா.

எட்டு வருடம் முன்பு எனக்குச் சட்டம் இல்லை,
புது லைசென்ஸ் இருந்தது.
டாஷ்போர்டில் ஒருவர் நோட்டை மடித்து வைத்தார்.
ஓட்டினேன்.
ஆற்றுக் குழியில் பிடி ஒன்று
முன்னங்காலால் மணலைப் பறித்துவிட்டு
ஊறி வரும் நீருக்குக் காத்திருந்தது.
வயிற்று நிழலில் கன்று,
காதுக்குப் பின்னால் இன்னும் இளஞ்சிவப்பு.
இருபது எட்டில் நிறுத்தினேன்.
அவள் பிளிறவில்லை. பாயவில்லை.
தலையை மட்டும் நிமிர்த்தினாள்.
பிறகு, ஊறத் தொடங்கிய குழியை விட்டுவிட்டு
உச்சி வெயிலில்
கன்றைத் தள்ளிக்கொண்டு பாறைச் சரிவில் ஏறினாள்.
படம் நன்றாக வந்ததாம்.
கை தட்டினார்கள்.

ஐந்தாம் நாள் ரேஞ்சர் ஹிஸ்கியா ரேடியோவில் கூப்பிட்டான்:
கன்று. சரிவுக்கு மேலே. கழுகுகள்.
வறட்சி, என்றான்.
வறட்சியாகத்தான் இருக்கும்.
அந்த வருடம் ஆடுகளும் செத்தன.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
நோட்டை மாற்றி
டின் மீனும் மண்ணெண்ணெயும் வாங்கியிருந்தேன்.
மீன் தீர்ந்துபோயிருந்தது.

அக்கா ஆடல்ஹைடுக்கு யானைமேல் அன்பெல்லாம் கிடையாது.
ஒரே இரவில் குழாயைப் பிடுங்கி
தொட்டியைச் சாய்த்துவிட்டுப் போனவை அவை.
மூன்று நாள் ஆடுகள் வெறும் வாளியை நக்கின.
“நீ காட்டு, காசு வாங்கு.
நான் சுவர் கட்டுகிறேன்.”
கட்டினாள். தொட்டியைச் சுற்றி ஆளுயரக் கல்.
தூர தேசத்துப் பிள்ளைகள் சிலர்
கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கல் சுமந்தார்கள்;
கைக் கொப்புளத்தை
ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.
சுவருக்கு வெளியே தாழ்வாக ஒரு சிமெண்டுத் தொட்டி.
“திருடிக்குத் தனிக் கிண்ணம்,” என்றாள் அக்கா.
திருடி குடிக்கும் நீருக்கான டீசலை
நோட்டுப் புத்தகத்தில் கோடு கோடாகப் போடுகிறாள்.
சுற்றுலாப் பணத்திலிருந்து பாதி திரும்பி வரும்.
மறுபாதியும் வரும் என்கிறார்கள்.

ஜீப்பில் இப்போது ஒரு மணி நேரம்.
ஈ. வெக்கை. யாரோ கொட்டாவி விடுகிறார்கள்.
வேலமரத்தடியில் சுருண்ட காய்கள்.
தூரத்தில் ஒரு பாறை நகர்கிறது.
அது பாறையல்ல என்று முதலில் தெரிந்தது
பின்வரிசைச் சிறுமிக்குத்தான்.
மூச்சை நிறுத்திக்கொள்கிறாள்.
அவ்வளவுதான்.
பாறை மறுபடி பாறைகளுக்குள் போய்விட்டது.
“ஒரு புள்ளிக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?”
ஆமாம் ஐயா. ஒரு புள்ளிக்கு.

சிறுமி பொறுக்கிய காயைக் கீழே போடச் சொன்னேன்.
அது வேறொருத்தியின் சாப்பாடு.

வந்த தடத்திலேயே திரும்புகிறேன்.
குறுக்கே போனால் இருபது நிமிடம் மிச்சம்.
ஆனால் இந்தச் சரளைத் தரைக்கு மறதி கிடையாது:
என் அப்பா பிறக்குமுன் எவனோ
விளையாட்டுக்கு வெட்டித் திருப்பிய சக்கரம்
இன்னும் வட்டமாகக் கிடக்கிறது.
இனாம் குறைவு.
ஒருவர் தரவே இல்லை.

இரவு.
சுவருக்கு அப்பால் நீர் உறிஞ்சும் சத்தம்.
நிற்கிறது. மறுபடி.
போர்வைக்குள்ளிருந்து அக்கா சொல்கிறாள்:
“கோடு போடு.”
புத்தகம் மேசைமேல் இருக்கிறது.
விளக்கேற்ற வேண்டும்.
ஏற்றவில்லை.
காலையில் போட்டுக்கொள்ளலாம்.