இருபத்தெட்டாம் நம்பர் கம்பி

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நாலடி.
அதுதான் என் பட்டறை.
மேலே ஒரு குண்டு பல்ப், கீழே வாய்பிளந்த மோட்டார்கள்.
வார்னிஷ் வாசனையில்தான் எங்கள் வீட்டுச் சோறு.

உடம்புக்குத் துறைமுக ஏலத்துப் பேக்கிங் பலகை.
எவ்வளவு இழைத்தும் போகாமல் முதுகில் நிற்கிறது
எந்த நாட்டு எழுத்தோ, சுட்ட முத்திரை.
கழுத்துக்கு, கழற்றிப்போட்ட ஜன்னல் சட்டம்.
மெட்டுகளுக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ்.
முறுக்குவதற்கு மூணு போல்ட்டு.

கம்பிதான் அமையவில்லை.
பிரேக் ஒயரைப் பிரித்தேன்:
இழுத்து இழுத்து நிமிர்த்தினாலும்
அதற்குப் பழைய முறுக்கே ஞாபகம்.
வெறும் தாமிரம் கட்டினேன்:
பத்து நிமிஷம் பாடிவிட்டு
மத்தியானப் பூனை மாதிரி படுத்துக்கொண்டது.

காசிமேட்டில் தூண்டில் கடை.
"சூரைக்கா, சுறாவுக்கா?"
"சத்தத்துக்கு" என்றேன்.
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ரெண்டு பாகம் எஃகுக் கம்பி அளந்து வெட்டினான்.
சுழல்கொக்கி ஒன்றைச் சும்மாவே போட்டான்.

மெல்லிசு ரெண்டும் அன்றைக்கே ஏறிவிட்டன.
தடித்ததைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும்:
எஃகு நடுவில், அதன்மேல் இருபத்தெட்டாம் நம்பர் தாமிரம்,
ஒட்டி ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்.
பதினெட்டு வருஷமாய் நான் செய்யும் வேலைதான்.
என்ன, இதற்கு மூணு கை வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தசரதன் வந்தார்.
"இன்னா பிலோ, மோட்டார் குட்த்து ஆறு நாளாவுது.
ஊட்ல சொட்டுத் தண்ணி இல்ல.
கொடம் தூக்கியே தோளு போச்சு.
நீ இன்னாடான்னா பலகைய வெச்சி வெள்ளாட்றே!"

"இந்தக் கைப்பிடியக் கொஞ்சம் சுத்துங்க" என்றேன்.

கோபத்தோடுதான் சுற்றினார்.
ஜன்னலில் மாட்டிய சுழல்கொக்கி மினுங்க
என் விரலிடுக்கில் தாமிரம் சூடேறி ஓடியது.
நானூறாவது சுற்றில் கவுன்சிலரைத் திட்டினார்.
எழுநூறில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை.
ஆயிரத்தில் பேச்சு நின்றுபோனது.
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் "போதும்" என்றேன்.
கை கேட்கவில்லை, ஒன்பது சுற்று அதிகம்.

ஏற்றி, முறுக்கி, ஒரு தட்டு தட்டினேன்.
பலகையோடு சேர்ந்து
தரையில் கிடந்த அவர் மோட்டாரின் மூடியும்
கிர்ரென்றது.

"ஓடுதும்மா!" என்றார்.

அப்புறம் சுதாரித்துக்கொண்டு,
"ஆமா, என் மோட்டாரு?"
"நாளைக்கு."
"இத்தியேதான் செவ்வாக்கெழமயும் சொன்னே."

ராத்திரியே உட்கார்ந்து கட்டினேன்.
காலையில் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பூட்டி
சுவிட்சைப் போட்டால், அதன் முனகல்
என் தடித்த கம்பிக்கு ஒரு மயிரிழை மேலே.
கூலியை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்து
போல்ட்டைக் கால் திருகு திருகினேன்.

ரெண்டு வீடு தள்ளி அவர் தொட்டி நிறையும்வரை
கூடவே மீட்டிக்கொண்டிருந்தேன்.
தொட்டி வழிந்தது. யாரோ அணைத்தார்கள்.
அப்போதுதான் தெரிந்தது,
நடுக்கம்பி இன்னும் சுதி சேரவில்லை.